இறக்கி வைக்க ஒரு ஆள்

பலகைக் கல் ஓடையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதன் இடுப்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஆறு பேர் முன்னால் இழுத்தார்கள். மொக்கச்சாமி பின்னால் நின்று வேங்கைக் கழியைக் கொடுத்து நெம்பினான். கல் ஒரு சாண் நகர்ந்தது. பிறகு மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

"காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலண்ணே," என்றான் கயிற்று நுனியில் இருந்தவன், சிவந்துபோன கையைப் பார்த்தபடி. "வெறும் வயித்துக்கு கல்லு நகருமா?"

சாவு விழுந்த ஊரில் பிணம் எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். இருபது குடிசையிலும் புகை இல்லை. ஆறு பேரும் முந்தைய நாள் குடித்த கேப்பைக் கூழின் பலத்தில்தான் இழுத்தார்கள், அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. மொக்கச்சாமி கழியை வேறு சந்தில் செருகி, முழு உடம்பையும் அதன்மேல் போட்டுத் தொங்கினான்.

"ம், இழுங்க," என்றான். கல் வந்தது.

மேலே, குடிசை வாசலில், பச்சை மூங்கில் பாடையில் அவன் தங்கை பேச்சி நிறைமாத வயிற்றோடு கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிற்று. வயிற்றில் இருந்தது அதற்கு முன்னாலேயே அடங்கிவிட்டது என்றாள் மருத்துவச்சி ஆயம்மாள்.

மலைச்சரிவில் தலைச்சுமை தூக்கிப் பிழைத்த சனம் அது. அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. பிள்ளையைச் சுமந்தபடியே ஒருத்தி செத்தால், அந்தச் சுமையோடு அவளைக் குழியில் இறக்கக் கூடாது. ஒன்று, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துத் தனிக்குழியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு, அன்றைய பொழுது சாய்வதற்குள் வழியே போகிற ஒருவர் அதில் தன் சுமையை இறக்க வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. யாரும் சொல்லிச் செய்யவும் கூடாது. கழுத்து வலித்து, தானாக இறக்கினால்தான் செத்தவளின் சுமையும் இறங்கும். இரண்டில் ஒன்றுகூட நடக்காவிட்டால் அவள் மலையடிவாரத்தில் சுமையோடு அலைவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. மொக்கச்சாமியும் அதை நம்பினான். நம்பாதவன் யாரும் அந்த ஊரில் இல்லை.

முன்பென்றால் இதில் ஒரு சிரமமும் கிடையாது. குரங்கணியிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் விடிந்தால் அடைந்தால் தலைச்சுமைதான். அரிசியும் உப்பும் கருவாடும் ஏறும், ஏலக்காய் மூட்டையும் தேயிலைப் பெட்டியும் இறங்கும். முன்னூறு பேர் எறும்புச் சாரையாகப் போய்வந்த பாதை. கல்லை நட்டுவிட்டுக் கையைக் கழுவுவதற்குள் பத்துச் சுமை வந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம் கம்பி வடம் வந்தது. கொட்டகுடியில் ஒரு கொட்டகை போட்டு, கொதிகலனை இறக்கி, மலை உச்சிவரை இரும்புத் தூண்களை நட்டார்கள். இப்போது ஆகாயத்தில் கம்பி ஓடுகிறது. அதில் தொங்கும் தொட்டிகளில் மூட்டைகள் யார் தலையையும் தொடாமல் ஏறுகின்றன. முன்னூறு பேரில் பாதிப் பேர் கம்பம் பக்கம் கூலிக்குப் போனார்கள். நிறையப் பேர் ஏலத்தோட்டத்துக்குப் போய்க் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். மிச்சப் பேர் சோலியில்லாமல் ஊரிலேயே முடங்கினார்கள். மொக்கச்சாமிக்கு மட்டும் கொட்டகையிலேயே கொதிகலனுக்கு விறகு தள்ளுகிற வேலை கிடைத்தது. மூன்று வருஷத்தில் அவனுடைய இரண்டு புருவமும் பொசுங்கிப் போயின. அவனைப் பார்க்கிற யாருக்கும் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றும், என்னவென்று உடனே பிடிபடாது.

"முன்னூறு வயித்துக்குப் போட்டத இனி ஒரே வயித்துக்குப் போட்டாப் போதும்," என்பார் கொட்டகை மிஸ்திரி வீரையா, கொதிகலனின் பக்கத்தைத் தட்டியபடி. "சோலி இல்லாத அன்னைக்கு இதுக்குப் பசிக்காது, பாத்துக்க." மனுஷன் சொன்னது பொய்யில்லை. ஆனால் சோலி இருக்கிற அன்றைக்கு அதற்கு எடுக்கிற பசி இருக்கிறதே, அது முன்னூறு பேருக்குச் சேர்த்து எடுக்கிற பசி. நாள் முழுக்க விறகு கேட்டது. அந்த விறகை ஆகாயம் கொண்டுவரவில்லை. சுமை இழந்த ஆண்களின் பெண்டாட்டிமார் முப்பது பேர் காட்டில் பொறுக்கி, தலையில் வைத்து, கொட்டகைக்கு இறக்கினார்கள். பேச்சி அதில் ஒருத்தி.

கல்லைப் பாதைத் திருப்பத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது உச்சி தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் கல்தூண் நட்டு, ஆள் கழுத்தளவு உயரத்தில் பலகையைத் தூக்கி மேலே வைத்தார்கள். ஆயம்மாள் அதற்கு மஞ்சள் பூசினாள். திருப்பத்துக்கு மேல்புறம் ஒரு பெரிய பாறை, பாறைக்குப் பின்னால் இடுகாடு. பாடையை அங்கே கொண்டுபோய் வைத்தாயிற்று. குழியையும் வெட்டியாயிற்று. வெட்டியவன் பேச்சியின் புருஷன் சின்னமுத்து. அது புருஷன் செய்கிற வேலையில்லை என்று தடுத்தும் கேட்கவில்லை, யார் கையிலும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

இனிக் காத்திருப்பதுதான் பாக்கி. சனத்தை எல்லாம் ஆயம்மாள் பாறைக்குப் பின்னால் அனுப்பினாள். "பொணத்தைப் பாத்தா வர்றவன் சொமையோட ஓடிருவான். ஒப்பாரியும் வேணாம். வாயப் பொத்திக்கிட்டு இருங்கடி," என்றாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கல்லுக்கு எதிரே மொக்கச்சாமி உட்கார்ந்தான். ஆயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில், துணிக்கு அடியில், கத்தி இருந்தது.

பாதை காலியாகக் கிடந்தது. மூன்று வருஷத்தில் இரண்டு ஓரமும் புல் ஏறி நடுவில் ஒரு பாதத் தடம்தான் மிச்சம். தலைக்கு மேலே கம்பியில் ஒரு தொட்டி அரிசி மூட்டையோடு போயிற்று. அதன் நிழல் கல்லின் மேல் ஏறி இறங்கிப் போனது. சற்று நேரத்தில் இன்னொரு தொட்டி. ஒன்று, இரண்டு என்று மொக்கச்சாமி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தங்கைக்குத் தேவையான சுமை அத்தனையும் அவன் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது.

தேவாரத்திலிருந்து துக்கத்துக்கு வந்த ஒருத்தி மட்டும் நார்ப்பெட்டியில் நெல்லோடு ஏறிவந்தாள். மொக்கச்சாமி பாதி எழுந்தேவிட்டான். ஆயம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "அவ சின்னமுத்துக்குச் சின்னாயா மகடா, சொந்தம். ஒக்காரு," என்றாள். அந்தப் பெண்ணையும் பாறைக்குப் பின்னால் அனுப்பினார்கள்.

சின்னமுத்து மண் ஒட்டிய காலோடு வந்து நின்றான். ஒருகாலத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாக ஏற்றிக்கொண்டு மேடு ஏறியவன். அந்தக் கெண்டைக்கால் சதை இப்போது தளர்ந்து தொங்கியது. மூன்று வருஷமாகப் பெண்டாட்டி விறகு கொண்டுபோன கூலியில் கூழ் குடித்தவன். அந்த வெட்கத்தில் யாரோடும் பேசுவதை விட்டிருந்தான்.

"மச்சான், போதும்," என்றான். "ஒருத்தரும் வரப்போறதில்ல. ஆயம்மா சோலியப் பாக்கட்டும்."

"பொழுது இருக்கு மாப்ளே."

"பொழுது இருந்தா? எவன் வருவான் இந்தப் பாதையில? ஒங்க கொட்டகைதான் எல்லாத்தையும் மேல ஏத்திருச்சே. கீறிரட்டும். வெரசா முடியட்டும்."

"அவ ஒடம்புல கத்தி படக்கூடாது."

"அப்ப நேத்தே பாத்திருக்கணும்," என்றான் சின்னமுத்து. குரலை உயர்த்தவில்லை. "ஒங்க அடுப்புக்குத்தான அவ வெறகு கொண்டாந்தா."

மொக்கச்சாமி கீழே பார்த்தான். காலையிலிருந்து யாரிடமும் சொல்லாதது ஒன்று நெஞ்சுக்குழியில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று பயந்தான்.

"கூப்பிட்டா மாப்ளே," என்றான். "ரெண்டு தரம் கூப்பிட்டா."

நேற்று நடந்தது இதுதான். நாலு நாள் மழையில் விறகெல்லாம் ஈரம். ஈர விறகு புகையுமே தவிர எரியாது. மலையின் செங்குத்தான இடத்தில் எட்டுத் தொட்டி பாரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஆவி குறைந்துகொண்டே வந்தது. விட்டால் வடம் நின்றுவிடும், நின்றால் மறுபடி ஓட்ட அரை நாள் ஆகும். வீரையா பின்னால் நின்று, "தள்ளு, தள்ளு," என்று உயிரை வாங்கினார். மொக்கச்சாமி அடுப்பு வாய்க்குள் தலையை விடாத குறை. அப்போதுதான் வெளியே விறகு முற்றத்திலிருந்து பேச்சியின் குரல் கேட்டது.

"அண்ணே, எறக்கி விடுண்ணே."

மற்றப் பெண்கள் சுமையை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்திருந்தாள். தலைச்சுமையை ஏற்றவும் இறக்கவும் இன்னொரு ஆள் வேண்டும். மற்ற நாளில் உதறிக் கீழே போட்டுவிடலாம். நிறைமாதக்காரி அப்படி உதறினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"இரு பேச்சி, இந்தா வர்றேன்," என்றான் மொக்கச்சாமி. ஒரு கட்டையைத் தள்ளினான்.

"அண்ணே."

"இருன்னு சொல்றேன்ல."

இன்னும் இரண்டு கட்டை. அப்புறம் கூப்பிடவில்லை. யாரோ இறக்கிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலும் நாலு கட்டை தள்ளினான். நெருப்புப் பிடித்தது, ஆவி ஏறியது, வடம் நிற்கவில்லை. நிம்மதியாக அடுப்பு வாயைச் சாத்திவிட்டுத் திரும்பினான். பேச்சி முற்றத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விறகுக் கட்டு அவள் தலையில் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடம் நனைந்து சிவந்திருந்தது.

"ஒரு நிமிசந்தான் மாப்ளே. அந்தக் கட்டையத் தள்ளாம நான் வெளிய வந்திருந்தா, வடம் நின்னுருக்கும், அம்புட்டுதான். நின்னா என்ன கெட்டுப்போயிருக்கும். நாந்தான் இருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ கூப்பிடல."

மேலே ஒரு தொட்டி போயிற்று.

"மூணாந்தரம் கூப்பிட மாட்டா," என்றான் சின்னமுத்து. "எங்கிட்டயும் அப்படித்தான்."

அதற்குமேல் அவன் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. மொக்கச்சாமிக்குச் சற்றுத் தள்ளிப் பாதையோரத்தில் குந்திக்கொண்டான். ஆயம்மாள் மட்டும் யாரையும் பார்க்காமல், "நேத்துக் காலையில போறப்ப ஒரு சட்டிக் கூழுல பாதிய ஒனக்கு வச்சுட்டுப் போனா," என்றாள் சின்னமுத்துவிடம். "மிச்சம் பாதி ரெண்டு உசுருக்கு. எங்கிட்டுத் தாங்கும்." சின்னமுத்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

வெயில் சரிந்து பாறையின் நிழல் பாதைக்கு வந்தபோது கீழேயிருந்து ஒரு ஆள் வருவது தெரிந்தது. மூவரும் நிமிர்ந்தார்கள். தலையில் ஒன்றுமில்லை. கக்கத்தில் குடையோடு மிஸ்திரி வீரையா மூச்சிரைக்க ஏறிவந்தார். கல்லையும் மஞ்சளையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டார். கெட்ட மனுஷனில்லை.

"மொக்கச்சாமி, பெரிய துக்கந்தான், இல்லேங்கல," என்றார். "ஆனா முத்தத்துல வெறகு இல்லப்பா. இன்னைக்கு ஒரு பொம்பளயும் வரல. அடுப்பப் பாக்க வச்சிருக்கவன் ஒரு கூறுகெட்டவன். இருக்கிறதையும் வீணாக்கிட்டான். நாலு பேர வெறகுக்கு அனுப்பு. நீயும் ஒரு நாழிகை வந்து நெருப்பத் தூக்கி விட்டுட்டு வந்துரு."

"பொணம் கெடக்கு மிஸ்திரி."

"தெரியும்ப்பா. வழியில என்னமோ கல்லுக்குச் சொமை வேணும்னு சொன்னாக. அவ்வளவுதான? நான் போடிக்காரன், ஒங்களுக்கு ஒட்டுமில்ல ஒறவுமில்ல. கீழ போயி நாலு சுள்ளி பொறுக்கிக் கட்டித் தலையில வச்சுக் கொண்டாந்து இதுமேல எறக்கிட்டுப் போறேன். ஒனக்கும் காரியம் முடியும், எனக்கும் வடம் ஓடும்."

சின்னமுத்து தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தான். ஆயம்மாளும் பார்த்தாள். மொக்கச்சாமி மனசுக்குள் ஆசை வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஒரு கட்டு விறகு, ஒரு நாழிகை வேலை. யாரும் குறை சொல்லப்போவதில்லை. பேச்சி சொல்வாளா என்று யோசித்தான். அவள் எதற்கும் குறை சொன்னவளில்லை. அதனால்தான் அவனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"அது சொமையில்ல மிஸ்திரி, கூலி," என்றான். "கழுத்து வலிச்சு எறக்கணும்."

"நீ வரலேன்னா வடம் நின்னுரும்டா."

"நிக்கட்டும்."

வீரையா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நாளைக்கு வேற ஆளப் போட்டுருவாக. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத," என்றார். அதில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம் இருந்தது. பாறையின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு மொக்கச்சாமி பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். கொட்டகையின் சத்தம் அந்தத் திருப்பம்வரை கேட்கும். மூன்று வருஷமாக அந்த அடுப்புக்குத் தீனி போட்டவனுக்கு அதன் மூச்சு தெரியாதா? பசி எடுத்துவிட்டது. இழுப்பு நீண்டது, இடையில் விட்டு விட்டு வந்தது. கீழே அந்தக் கூறுகெட்டவன் சருகையும் மட்டையையும் அள்ளிப் போடுகிறான் போல, திடீரென்று வேகம் எடுத்து மறுபடி தொய்ந்தது. கடைசியில் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கியது.

தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த தொட்டி நின்றது. கம்பி கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஆடியது. பிறகு அதுவும் அடங்கியது. மலை முழுவதும் எந்தச் சத்தமும் இல்லாமல் ஆயிற்று. ஓடையில் தண்ணீர் ஓடுவது அப்போதுதான் அவர்கள் காதில் விழுந்தது.

நேற்று நிற்கக்கூடாது என்று பிடித்துவைத்தது இன்று நின்றுவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு அரிசி மூட்டை ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, காக்கை ஒன்று அதன்மேல் வந்து உட்கார்ந்து அலகைத் தீட்டுகிறது, அவ்வளவுதானே.

சூரியன் மேற்கு முகட்டுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. பிறகு அரைப் பனை. ஆயம்மாள் மடித் துணியை விலக்கிக் கத்தியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் மொக்கச்சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவன் கத்தியைப் பார்க்காமலிருக்க முகட்டையே பார்த்தான்.

"மச்சான்," என்றான் சின்னமுத்து மெல்ல.

கீழே, புல்லுக்கு மேலே, ஒரு மூட்டை மட்டும் ஆடி ஆடி வருவது தெரிந்தது. திருப்பத்தில் ஏறியதும் மூட்டைக்குக் கீழே ஆளும் தெரிந்தான். ஐம்பது வயது இருக்கும், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான். முகமெல்லாம் வேர்வை. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் நடுங்கியது. மொக்கச்சாமியின் உதடு தானாக அசைந்தது. ஆயம்மாள் அவன் தொடையைக் கிள்ளினாள். யாரும் சொல்லக் கூடாது. கல்லைக் காட்டக் கூடாது, பார்க்கச் சொல்லி இருமக்கூடக் கூடாது.

அந்த ஆள் வழியோரம் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் ஓரக்கண்ணால் பார்த்தான். கல்லையும் பார்த்தான். பார்த்துவிட்டு நடந்தான். கல்லைத் தாண்டி ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. பாறைக்குப் பின்னால் ஏதோ ஒரு பெண் முந்தானைக்குள் விக்கியது மொக்கச்சாமிக்குக் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எறக்கி விடுண்ணே என்று கேட்டவளுக்கு வாய் இருந்தது. இன்றைக்கு அவனுக்கு அதுவும் இல்லை.

காலடிச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது. பலகைக் கல்லில் 'தொப்'பென்று பாரம் விழுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது மூட்டை கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த ஆள் அதற்கு அடியிலிருந்து தலையை உருவிக்கொண்டு, சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்தான். "யப்பா," என்று கழுத்தை இரண்டு பக்கமும் ஒடித்தான்.

"எந்த ஊருப்பா?" என்றாள் ஆயம்மாள். அவள் குரல் கரகரத்தது.

"ராசிங்காபுரம் ஆத்தா. செக்கடித் தெரு. உப்பு யாவாரம். கம்பியில ஏத்தி விட்டுறலாம்னு நம்பி வந்தேன். கொட்டகையில நெருப்பு அணைஞ்சு போச்சு, நாளைக்கு வாங்கிறான். மேல தோட்டத்துல நாளைக்குச் சம்பள நாளு. உப்பில்லாம போனா என்னைய உப்புக்கண்டம் போட்டுருவாக. அதான் நாமளே தூக்குவம்னு வந்துட்டேன்." தொடையைத் தட்டிவிட்டுக்கொண்டான். "மூணு வருசமா தலையில சொமை வைக்கல. பழக்கம் விட்டுப்போச்சு, காலு கிடுகிடுங்குது. பாதி வழிச் சாவடியில படுத்துட்டு விடியப் போயிருவேன்."

"செக்கடித் தெருவுல யாரு மக்க?"

அவன் அப்பன் பேரையும் தாய்மாமன் பேரையும் சொன்னான். ஆயம்மாள் மனசுக்குள் ஊர் ஊராகப் போய்த் தேடிப் பார்த்தாள். எந்த வழியிலும் ஒட்டவில்லை. ஒரு தரம் தலையை ஆட்டினாள். கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சின்னமுத்து எழுந்துபோய் ஓடைத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் மொண்டு கொண்டுவந்து கொடுத்தான். உப்புக்காரன் அண்ணாந்து குடித்தான். மிச்சத்தைப் பிடரியில் ஊற்றிக்கொண்டான்.

"இந்த எடத்துல முன்ன கல்லு கெடையாதே," என்றான், பலகையைத் தடவிப் பார்த்து. "சரியா நமக்கு மூச்சு முட்டுற எடமாப் பாத்து வச்சிருக்காக. யாரு வச்சாகளோ, நல்லா இருக்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் சும்மாட்டை வட்டமாகச் சுருட்டித் தலையில் வைத்து அழுத்திக்கொண்டான். முகட்டைப் பார்த்துப் பொழுதைக் கணக்குப் போட்டான். பிறகு மூட்டைக்கு முன்னால் போய்க் குனிந்து நின்று, பக்கத்தில் இருந்தவன் என்கிற முறையில் மொக்கச்சாமியைத்தான் கூப்பிட்டான்.

"ஒரு கை கொடப்பா. தூக்கி விடு."

உட்கார்ந்திருக்கிற எவனுக்கும் எழுந்திருக்குமுன் வாயில் வருகிற சொல் ஒன்று இருக்கிறது. மொக்கச்சாமிக்கும் அந்த 'இரு' நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினான். எழுந்து ஓடினான். நாலு அடி தூரத்துக்கு ஒரு மனுஷன் அப்படி ஓட வேண்டியதில்லை. உப்புக்காரனே திகைத்துப்போய்ப் பார்த்தான். மூட்டைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, அவன் கழுத்துக்கு நோகாமல், சும்மாட்டின் நடுவில் பாரம் உட்காரும்படி மெதுவாக ஏற்றிவைத்தான். ஏற்றிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"விட்டுரப்பா, நின்னுக்கிருச்சு," என்றான் உப்புக்காரன்.

அவன் பாதையில் ஏறி, அடுத்த வளைவில் மூட்டை மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் மறைந்தது. ஆயம்மாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். பாறையின் பக்கம் திரும்பி, "தூக்குங்கப்பா," என்றாள். அடக்கிவைத்திருந்த ஒப்பாரி பாறைக்குப் பின்னால் ஒரே சமயத்தில் வெடித்துக் கிளம்பியது. சின்னமுத்து அந்தப் பக்கம் போனான்.

மொக்கச்சாமியையும் கூப்பிட்டார்கள். "வர்றேன்," என்று உடனே நடந்தான். போகிறபோது கல்லைப் பார்த்தான். உப்பு மூட்டை இருந்த இடம் பலகையின் நடுவில் ஈரமாக, கறுப்பாகத் தெரிந்தது. வெயில் போய்விட்டது. அது அன்றைக்குக் காயாது.